இன்னும் ஒரு வரி எழுதுங்கள்

வயிற்று ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவ நண்பர்களுக்கு,

காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து டோக்கன் போட்டு, தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஸ்கேன் சென்டர் வாசலில் காத்திருக்கும் கூட்டத்தை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துப் பார்க்கிறீர்கள். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது வயிறுகள். நான் ரத்தநாள அறுவை மருத்துவர். உங்களில் பலரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. அந்த ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி கூடுதலாகக் கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இதை மருத்துவ இதழில் எழுதியிருக்கலாம். ஸ்கேன் மேசையில் படுப்பவருக்கும் அவரைக் கூட்டிவரும் மகனுக்கும் மகளுக்கும் இது தெரிய வேண்டும். அதனால்தான் எல்லாரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில், அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மாலையில் இடது விலாவுக்குக் கீழே வலி எடுத்து அடிவயிறு வரை இறங்கியிருக்கிறது. பக்கத்துக் கிளினிக்கில் சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரவு கழிவறைக்குப் போனவர் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். எங்களிடம் வந்தபோது உடம்பு சில்லிட்டு வியர்த்திருந்தது. ரத்த அழுத்தம் 70க்குக் கீழே. வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குச் சற்று மேலே, உள்ளங்கையை நிறைக்கும் அளவில் ஒரு புடைப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் என் விரல்களை இரண்டு பக்கமும் விலக்கித் தள்ளியது. பெருந்தமனி வீங்கி வெடித்திருந்தது. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியிலேயே இதயம் நின்றுவிட்டது.

வெளியே வந்து மகளிடம் சொன்னேன். அவர் உடனே அழவில்லை. மடியில் வைத்திருந்த ஜவுளிக்கடைக் கட்டைப்பையை என்னிடம் நீட்டி, “எல்லா ரிப்போர்ட்டும் இதுல இருக்கு சார், ஒண்ணக்கூடத் தொலைக்கல” என்றார். பதினான்கு மாதங்களுக்கு முன் எடுத்த வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் அதில் இருந்தது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று புரோஸ்டேட்டுக்காக எடுத்தது. ஈரலின் அளவு, பித்தப்பையில் கல் இல்லை, கணையம் இயல்பு, மண்ணீரல் இயல்பு, இரண்டு சிறுநீரகங்களின் நீள அகலம், சிறுநீர்ப்பையில் தங்கிய நீர் இத்தனை மில்லி, புரோஸ்டேட் இத்தனை கிராம். பதினோரு வரிகள். பெருந்தமனி என்ற சொல் எந்த வரியிலும் இல்லை. அன்றைக்கே அந்த வீக்கம் அங்கே இருந்திருக்கும். ஒரே வருடத்தில் முளைத்து வெடிக்கிற நோய் அல்ல இது.

குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஸ்கேனுக்கு அனுப்பிய சீட்டும் அதே பையில் இருந்தது. ‘வயிற்று ஸ்கேன், புரோஸ்டேட்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. முப்பது வருடம் பீடி குடித்தவர் என்று எழுதி அனுப்ப வேண்டும் என மருத்துவர்களாகிய எங்களுக்குத் தோன்றவில்லை. கேட்டதை நீங்கள் பார்த்தீர்கள். கேட்காமல் விட்டது எங்கள் பிழை.

உங்களுக்குத் தெரிந்ததை மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இதயத்திலிருந்து கிளம்பி, நெஞ்சைக் கடந்து, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய்தான் பெருந்தமனி. வயிற்றில் அதன் குறுக்களவு சுமார் 2 சென்டிமீட்டர். வயதும் புகையும் ரத்தக்கொதிப்பும் பரம்பரையும் சேர்ந்து அதன் சுவரை நைந்துபோக வைக்கும்போது, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல அது புடைக்கிறது. 3 சென்டிமீட்டரைத் தொட்டால் அனியூரிசம் என்கிறோம். பெரும்பாலும் வலி இருக்காது, வேறு அறிகுறியும் இருக்காது. வெடித்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. அவர்களில் பலர் மருத்துவமனைக்கே வந்து சேர்வதில்லை.

வெடிப்பதற்கு முன்பே தெரிந்தால் கணக்கு தலைகீழாக மாறுகிறது. பிரிட்டனில் நடந்த ‘ஈவார் 1’ ஆய்வில், திட்டமிட்டு வயிற்றைத் திறந்து அறுவை செய்தவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 4.7 சதவீதம். தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் என்னும் கம்பி வலைக் குழாயை வைத்தவர்களில் 1.7 சதவீதம். நோய் அதேதான், ரத்தக்குழாயும் அதேதான். முன்னால் தெரிந்ததா, பின்னால் தெரிந்ததா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

1948இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு இந்த வீக்கம் இருப்பது தெரிந்ததே வயிற்றைத் திறந்தபோதுதான். வயிற்று வலிக்குக் காரணம் தேடித் திறந்த ருடால்ஃப் நிஸன், வேறு வழியில்லாமல் வீக்கத்தின்மேல் செலஃபேன் தாளைச் சுற்றிவிட்டு மூடினார். கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்து வேறு குழாயை வைத்துத் தைக்கும் அறுவையைப் பாரிஸில் ஷார்ல் டூபோ செய்தது 1951இல். 1955 ஏப்ரலில் ஐன்ஸ்டைனின் வீக்கம் வெடித்தது. அறுவை வேண்டாம் என்று மறுத்த அவர் 18ஆம் தேதி இறந்தார். அன்றைய மருத்துவர்கள் உள்ளே எட்டிப்பார்க்கக் கத்தியை எடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு கரண்டி ஜெல் போதும்.

முன்னால் தெரிவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்கள் கையில் மருந்து இல்லை. 4 சென்டிமீட்டர் வீக்கத்தை அந்த அளவிலேயே நிறுத்திவைக்கும் மாத்திரை உலகில் எங்கும் கிடையாது. புரோப்ரனலால் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. டாக்சிசைக்ளின்மீது பெரிய நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. இரண்டு வருடம் அதைச் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வீக்கம் ஒரே வேகத்தில்தான் வளர்ந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வீக்கம் குறைவாக வருகிறது என்பதைப் பார்த்து, அது மெட்ஃபார்மினின் பலனாக இருக்குமோ என்று இப்போது ஆராய்கிறார்கள். முடிவு தெரியும் முன்பே யாரும் அதை இதற்காக வாங்கிச் சாப்பிட வேண்டாம். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள் என்று மட்டும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிகிறது. மற்றபடி, விடாமல் அளந்துகொண்டே வர வேண்டும். உரிய நேரத்தில் அறுவை செய்ய வேண்டும்.

அந்த ‘உரிய நேரம்’ எது என்பதையும் ஓர் எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். 4 முதல் 5.5 சென்டிமீட்டர் வரையிலான வீக்கத்துக்கு உடனே அறுவை செய்தவர்கள், ஸ்கேன் பார்த்தபடி காத்திருந்தவர்களைவிடக் கூடுதலாக வாழ்ந்துவிடவில்லை. 1998இல் பிரிட்டனிலும் 2002இல் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின. அதனால் ஆண்களுக்கு 5.5 என்று எல்லை வைத்தார்கள். அந்த எல்லை குறையில்லாதது அல்ல. 5 சென்டிமீட்டரிலேயே வெடிப்பவர் உண்டு. 7 சென்டிமீட்டரோடு வாழ்ந்து வேறு நோயில் போகிறவரும் உண்டு. யாருடைய சுவர் எப்போது கிழியும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இருட்டில் எங்களுக்கு இருக்கும் கைவிளக்கு குறுக்களவு ஒன்றுதான். அதை ஏற்றித் தருகிறவர்கள் நீங்கள்.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கைவிளக்கும் மங்கல். வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் பெண்களுக்குக் குறைவாகவே வருகிறது. வந்துவிட்டால், அதே அளவு வீக்கம் ஆண்களைவிடப் பல மடங்கு எளிதில் வெடிக்கிறது. அதனால்தான் அவர்களுக்கு எல்லையை 5 என்று குறைத்தார்கள். பெண்களின் தொடைத் தமனி சிறியது, வீக்கத்தின் கழுத்துப் பகுதியும் பல நேரம் குட்டை. கடையில் கிடைக்கும் ஸ்டென்ட் கிராஃப்ட் அவர்களில் பலருக்குப் பொருந்துவதில்லை. பெரிய ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்களே. அடுப்புப் புகையிலும் வீட்டு ஆண்களின் பீடிப் புகையிலும் வயதான ஒரு பாட்டி முதுகுவலி, வயிற்றுவலி என்று வந்தால், பெண்களுக்கு இது வராது என்று கடந்துவிடாதீர்கள்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990இல் ப்யூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, தொடைத் தமனி வழியாகவே உள்ளே குழாயைச் செலுத்தி வயிற்று வீக்கத்தை அடைத்தார். வயிற்றைக் கிழிக்காமல் இரண்டு, மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பும் காலம் அங்கே தொடங்கியது. ஆனால் அந்த ஸ்டென்ட் கிராஃப்டின் விலை இன்றும் பல லட்சம். சிறுநீரகத் தமனிகளையும் சேர்த்து வீங்கியிருந்தால், நோயாளியின் அளவுக்கு ஏற்பத் துளைகள் வைத்துத் தனியாகச் செய்ய வேண்டும். செய்து வருவதற்கு வாரக் கணக்கில் ஆகும், விலையும் இன்னும் ஏறும். சென்னை மருத்துவக் கல்லூரியில் ரத்தநாள அறுவைக்கெனத் தனித் துறையே இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் வெடித்த வீக்கத்தோடு ஒரு சிற்றூரிலிருந்து கிளம்புகிறவருக்கு, இப்படிப்பட்ட இடம் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவுடன் கதை முடிந்துவிடுவதும் இல்லை. அதே ‘ஈவார் 1’ ஆய்வில் நோயாளிகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, தொடக்கத்தில் ஸ்டென்ட் கிராஃப்ட் தந்த ஆதாயம் கரைந்துபோயிருந்தது. பிற்காலத்தில் அதை வைத்தவர்களிடமே வீக்கம் தொடர்பான இறப்பு கூடியிருந்தது. கிராஃப்டின் ஓரத்திலோ பக்கக் கிளைகள் வழியாகவோ ரத்தம் மறுபடி வீக்கத்துக்குள் கசிந்து, வீக்கம் வளர்ந்து வெடித்திருக்கிறது. எனவே வாழ்நாள் முழுக்க ஸ்கேன் வேண்டும். எங்கள் அனுபவத்தில் முதல் மாத ஸ்கேனுக்கு எல்லாரும் வருகிறார்கள். ஆறாவது மாதம் பாதிப் பேர். அதன் பிறகு, வலிதான் இல்லையே, ஒரு நாள் கூலியை ஏன் விடவேண்டும் என்று நின்றுவிடுகிறார்கள். மாநகரத்துக்கு வர முடியாதவர் உங்கள் ஊர் சென்டருக்கு வேறு ஏதோ காரணத்துக்காக வருவார். தொடை மடிப்பில் சின்னத் தழும்பும், பெருந்தமனிக்குள் பளபளக்கும் கம்பி வலையும் தெரிந்தால், வீக்கத்தின் வெளியளவை அளந்து, டாப்ளரில் கசிவு தெரிகிறதா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அவர் கைவிட்ட தொடர்சிகிச்சையை அந்த ஒரு வார்த்தை மீட்டுக் கொடுக்கும்.

“இங்கிலாந்துபோல ஊரையே கூட்டி ஸ்கேன் பார்க்கலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே 65 முதல் 74 வயது வரையிலான 67,800 ஆண்களை வைத்து நடந்த ‘மாஸ்’ ஆய்வில், ஸ்கேனுக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்த வீக்கத்தால் நேர்ந்த இறப்பு 42 சதவீதம் குறைந்தது. அதன் முடிவு வெளியானது 2002இல். 2009இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 65 வயதைத் தொடும் ஒவ்வோர் ஆணுக்கும் அழைப்புக் கடிதம் போகிறது. நம் நாட்டில் அதை அப்படியே நடத்த முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் வாழும் தெற்காசிய ஆண்களிடம் இந்த வீக்கம் வெள்ளையரைவிடக் குறைவு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஸ்கேன் கருவியை நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் முகாம் நடத்தவும் முடியாது. பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் அது. அதைத் தளர்த்தக் கேட்பது நியாயமும் அல்ல.

ஆகவே நமக்கு இருக்கும் வழி வேறு. ஸ்கேனை ஊருக்குள் கொண்டுபோக வேண்டாம். ஊர்தான் ஏற்கெனவே ஸ்கேனுக்கு வந்துகொண்டிருக்கிறதே. கல், வாயு, புரோஸ்டேட், ஈரல் கொழுப்பு, மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக அறுபது வயதைத் தாண்டியவர்கள் உங்கள் மேசையில் படுக்கிறார்கள். வயிற்றில் ஜெல் தடவியாயிற்று. புரோப் கையில் இருக்கிறது. மார்பெலும்புக்குக் கீழே குறுக்காக வைத்தால் முதுகெலும்பின் நிழல் தெரியும். அதற்கு முன்னால், சற்று இடப்பக்கமாக, கறுப்பு வட்டம் ஒன்று துடிக்கும். தொப்புள் வரை, அது இரண்டாகப் பிரியும் இடம் வரை புரோப்பை இறக்குங்கள். அகலமான இடத்தில் நிறுத்தி, முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு அளவெடுங்கள். ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். அறையில் இருட்டு, வாசலில் கூட்டம், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நிரப்பவேண்டிய படிவங்கள், இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த ஒரு நிமிடத்தைக் கேட்கிறேன்.

எல்லாருக்கும் கேட்கவில்லை. 60 வயதைக் கடந்த, எப்போதாவது புகைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பாருங்கள். விட்டுப் பல வருடமானாலும் ஆபத்து முழுக்கப் போய்விடுவதில்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த வீக்கம் இருந்தவர்களுக்கும், அந்த வீட்டின் பெண்களுக்கும் பாருங்கள். அறுபதுக்கு மேல் முதல்முறையாக ‘கிட்னி கல் வலி’ என்று வருகிற ஆணுக்குக் கல்லைத் தேடும் முன் பெருந்தமனியைப் பாருங்கள். இளம்பெண் ஒருத்திக்குக் கையில் நாடி சரியாகக் கிடைக்கவில்லை, ரத்தக்கொதிப்பு கூடுகிறது என்றால் தக்காயாசு நோயை நினைத்துப் பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் பாருங்கள். நம் நாட்டில் இளம்வயதினரின் பெருந்தமனி கெடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நெட்டை உருவம், நீண்ட விரல்கள், கண்ணில் லென்ஸ் விலகல் என்று மார்ஃபான் அடையாளங்களோடு ஓர் இளைஞர் வந்தால், வயிறு இயல்பு என்பதோடு அனுப்பிவிடாமல் எக்கோ எடுக்கச் சொல்லி ஒரு குறிப்பு போடுங்கள். அவருக்கு ஆபத்து நெஞ்சுக்குள் இருக்கலாம்.

எழுதும்போது ‘பெருந்தமனி இயல்பு’ என்று மட்டும் எழுதாமல் எண்ணைப் போடுங்கள். சுவரின் உள்விளிம்பிலிருந்து அளந்தீர்களா, வெளிவிளிம்பிலிருந்தா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டுக்கும் சில மில்லிமீட்டர் மாறும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அளக்கும்போது அந்த மில்லிமீட்டர்கள்தான் ‘வளர்ந்துவிட்டது’ என்ற வீண் பயத்தைக் கொடுக்கும், அல்லது ‘வளரவில்லை’ என்ற பொய் நிம்மதியைக் கொடுக்கும். வாயு மறைத்துத் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். அந்த வரியும் எங்களுக்கு உதவும். ஒன்றுமே எழுதாத ரிப்போர்ட்டைத்தான் நாங்கள் ‘இயல்பு’ என்று படித்துவிடுகிறோம்.

வீக்கம் தெரிந்தால் மேசையிலேயே நோயாளியைக் கலங்கடித்துவிடாதீர்கள். 3.4 சென்டிமீட்டர் என்பது மரண ஓலை அல்ல. சின்ன வீக்கம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. பலருக்கு ஆயுள் முழுக்க அறுவையே தேவைப்படாது. “ரத்தக்குழாய் கொஞ்சம் அகலமாக இருக்கிறது, பீடியை விடுங்கள், ரத்தக்கொதிப்பைப் பாருங்கள், டாக்டர் சொல்லும் தேதிக்கு மறுபடி ஸ்கேன் எடுங்கள்” என்பது போதும். 5.5ஐ நெருங்கினாலோ, வலியோடு இருந்தாலோ, ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடாமல், அனுப்பிய மருத்துவரைத் தயவுசெய்து போனில் அழைத்துச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்தும் வாக்குக் கொடுக்கிறேன். என் கையால் எழுதும் ஸ்கேன் சீட்டில் இனி வயது, புகைப்பழக்கம், குடும்ப வரலாறு மூன்றும் இருக்கும். நீங்கள் கண்டுபிடித்து அனுப்பியவருக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் திரும்ப எழுதுவேன். இதுவரை நாங்கள் அதைச் செய்யவில்லை. உங்கள் அளவினால் ஒருவர் உயிர் பிழைத்து வீடு போனதுகூட உங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. மற்ற மருத்துவர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீடு தேடிப் போய் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் நடக்கிறது. அந்த வீடுகளில் இருக்கும் வயதான புகைப்பழக்கக்காரர்களுக்கு அரசு மருத்துவமனையில் ஒருமுறை பெருந்தமனி ஸ்கேன் என்று அரசும் ஒரு வழி செய்யலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவையோ தாத்தாவையோ வயிற்று ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது, “டாக்டர், பெருந்தமனியையும் பார்த்து அளவு எழுதுங்க” என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நண்பர்களே, அந்த மகள் ஒரு ரிப்போர்ட்டைக்கூடத் தொலைக்காமல் கட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். அப்பாவின் உடம்பைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று நம்பினார். அவர் நம்பிக்கை மெய்யாக ஒரு வரிதான் குறைவாக இருந்தது. நாளைக் காலை முதல் டோக்கனுக்கு உரியவர் அறுபதைக் கடந்தவராக இருந்தால், அவரிலிருந்தே அந்த வரியைத் தொடங்குங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்களோடு பணிபுரியும் ஒரு ரத்தநாள அறுவை மருத்துவர்